பச்சைப் பெயிண்டுக்கு அடியில்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி சுமாருக்கு, என் அச்சுக்கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் உடைக்கிற மாதிரிச் சத்தம். ஆனால் தேங்காய் இரும்பினால் செய்ததாக இருக்கவேண்டும்!

அதற்கப்புறம் சத்தமே இல்லை. அதுதான் பயங்கரம்.

உங்களில் சில பேருக்குத் தெரியும். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு வம்பளக்கிற நான், மற்ற நாட்களில் மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னதாக ஓர் அச்சுக்கூடம் நடத்துகிறேன். ஒரு சிலிண்டர் மெஷின், காலால் மிதிக்கிற டிரெடில் ஒன்று, எழுத்துக் கோக்க இரண்டு கம்பாஸிடர்கள், மெஷின் ஓட்டப் பக்கிரி. அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

நான் புரூஃபைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். பக்கிரி மெஷினை விட்டு மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா ஆச்சுன்னே தெர்ல சார். ஓடிக்கினே இருந்திச்சு. திடீர்னு சத்தம் ஒரு மாதிரி மாறிச்சு. பெல்ட்டைத் தட்டி வுட்டேன். அப்பால டமார்னுச்சு."

"கையில் அடி இல்லையே?"

"இல்ல சார். கை நல்லாத்தான் கீது. அதுக்குத்தான் ஒடம்பு சரியில்ல" என்று மெஷினைக் காட்டினான்.

பக்கிரி நொச்சிக்குப்பத்து ஆள். அப்பா, அண்ணன்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் கரையிலே நின்றுவிட்டான். 'கடல் சத்தத்தைக் கேட்டே காத்து எப்படின்னு எங்க நைனா சொல்லிடும் சார்' என்பான். அந்தக் காது இவனுக்கும் வந்திருக்கிறது. வராமல் போயிருந்தால்... அதைப் பற்றி இப்போது எழுதக்கூட எனக்கு மனசு வரவில்லை.

சிலிண்டர் மெஷினைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்துக் கோத்த பலகை முன்னும் பின்னும் ஓடும். மேலே ஒரு பெரிய உருளை, காகிதத்தைச் சுற்றிக்கொண்டு அந்த எழுத்தின்மேல் புரளும். உருளையைத் தாங்குவதற்கு இரண்டு பக்கமும் இரண்டு வார்ப்பிரும்புச் சட்டங்கள். அதில் இடது பக்கத்துச் சட்டம் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. பெரிய பல்சக்கரத்தில் மூன்று பல்லைக் காணோம். ஒன்றை மட்டும் காகிதக் கட்டுக்கு நடுவிலிருந்து பொறுக்கினோம்.

மெஷினில் ஏறியிருந்தது மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். பாதிதான் அச்சாகியிருந்தது. பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம்கூட இல்லை.

ரிப்பேர் பண்ணுவதா? மாற்றுவதா?

கேட்பதற்கு எவ்வளவு சுலபமான கேள்வி! மெஷின் ஜெர்மனியில் செய்தது. அந்த நாட்டில் பாதி ஊர்கள் சண்டையில் தரைமட்டம் என்று பேப்பரில் படிக்கிறோம். 'ஐயா, இடது பக்கச் சட்டம் ஒன்று அனுப்பி வைக்கவும்' என்று யாருக்குக் கடிதம் எழுதுவது?

மவுண்ட் ரோடில் ஒரு பட்டறைக்காரரிடம் போய் விவரம் சொன்னேன். "பத்தவச்சுடலாம் சார். ஆனா உத்தரவாதம் தரமாட்டேன்" என்றார். ஜார்ஜ் டவுனில் பழைய மெஷின் விற்கிற ஒருவரிடம் போனேன். "அதை இரும்புக்குப் போட்டுட்டு என்கிட்ட வேற வாங்கிக்குங்க. இதுக்கு நான் உத்தரவாதம்" என்றார். உத்தரவாதம் இல்லை என்றவரை நம்பலாம் போலிருந்தது. உத்தரவாதம் உண்டு என்றவரைப் பார்த்தால்தான் பயமாக இருந்தது.

பக்கிரிதான் சொன்னான். "நமக்கு இந்த மெஷினை வித்தாரே சார், அவரு கீறாரில்ல? அவராண்ட ஒரு தபா காட்டுங்க. அவருக்குத் தெரியாததா?"

எனக்கு நெஞ்சில் யாரோ குத்தின மாதிரி இருந்தது.

ஏன் என்று சொல்லவேண்டுமானால் ஐந்து வருஷம் பின்னால் போகவேண்டும். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான கோடை, ஞாபகம் இருக்கிறதா? மாம்பலத்தில் தெருவுக்கு இரண்டு வீட்டில்தான் விளக்கு எரிந்தது. எழும்பூர் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகக் குழந்தைகளை உள்ளே கொடுத்தார்கள். நான் மட்டும் போகவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் போவதற்கு ஊர் இல்லை.

அப்போது பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் அச்சுக்கூடம் வைத்திருந்தவர் சவரிமுத்து. சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். அதிகம் பேசமாட்டார். வேலை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். மனைவியோடு திருச்சிக்குப் போகிறார், மெஷினை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு நான் போனேன்.

பச்சைப் பெயிண்ட் அடித்து, பித்தளையெல்லாம் துலக்கி, மாப்பிள்ளை மாதிரி நின்றது மெஷின். எனக்குள் ஒரு கெட்ட புத்தி. ஓடுகிற மனுஷர்... இப்போது கேட்டால் பாதிக்குக் கிடைக்குமே! பாதி விலை சொன்னேன். அவர் மெஷினை ஒரு தரம் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். "சரி" என்றார். பேரமே பேசவில்லை.

பேரம் பேசியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் பட்டணத்துக்குத் திரும்பினார். மெஷின் இல்லை, அச்சுக்கூடம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். லஸ் மூலையில் டிராமுக்கு நிற்பார். நான் பார்ப்பேன். உடனே பக்கத்தில் எந்தக் கடை இருக்கிறதோ அதற்குள் நுழைந்துவிடுவேன். அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். கோபம் இருக்காதா? கஷ்டகாலத்தில் பாதி விலைக்கு அடித்துக்கொண்டு போனவன் அல்லவா நான்?

இதையெல்லாம் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் மனைவி ராஜம் சிரித்தாள்.

"ஏன்னா, போன மாசம் ஒரே வாரத்துல மூணு சீப்பு வாங்கிண்டு வந்தேள். நம்மாத்துல யாருக்கு அவ்வளவு தலைமயிர்? அந்த மாம்பலம் பிரஸ்காரரைக் கண்டா நீங்க கடைக்குள்ள ஓடி ஒளியறது எனக்குத் தெரியாதா?"

"அவர் முகத்தில் எப்படி முழிக்கிறது, ராஜம்?"

"மெஷின் ஒடிஞ்ச முகத்தோட முழிங்கோ. போயிட்டு வாங்கோ."

புதன்கிழமை சாயங்காலம் போனேன். சாந்தோமில் கடல் காற்று நேராக வீட்டுக்குள் வருகிற ஒரு சின்னத் தெரு. கதவைத் திறந்தது அவர் மனைவி பிலோமினா அம்மாள். உள்ளே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சவரிமுத்து என்னைப் பார்த்தார். எழுந்து நின்றார். அவர் முகம் வெளுத்துப்போனது.

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"உடைஞ்சுதா?" என்றார்.

"உங்களுக்கு எப்படி..."

"இடது பக்கமா? உருளையைத் தாங்குற சட்டமா?"

நான் தலையாட்டினேன்.

"யாருக்குக் கை போச்சு?"

அப்படி ஒரு குரலை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. "ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று அவசரமாகச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது, விழுந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பிலோமினா அம்மாள்தான் சொன்னார். "அஞ்சு வருஷமா இந்தப் பாடு சார். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனா ஒரு மெழுகுவத்தி தனியா ஏத்துவார். யாருக்குன்னு கேட்டா, பேர் தெரியாத ஒரு மெஷின்மேனுக்குன்னுவார்."

சவரிமுத்து மெதுவாகப் பேசினார். விற்பதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அந்தச் சட்டம் விரிசல் விட்டுவிட்டதாம். பித்தளை வைத்துப் பற்றவைத்திருக்கிறார். அதன்மேல்தான் பச்சைப் பெயிண்ட். திருச்சிக்குப் போகிற அவசரத்தில், நான் வந்து நின்றபோது, சொல்லவேண்டும் என்று நினைத்தாராம். வாய் வரவில்லை.

"நீங்க பாதி விலை சொன்னீங்க. நான் ஏன் மறுபேச்சு பேசலைன்னு நினைச்சீங்க? இந்த மெஷினுக்கு அது கொடுத்தா போதும்னு எனக்குத் தெரியும். திரும்பி வந்தப்புறம் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். 'போய் அந்த மனுஷர்கிட்ட சொல்லு'ன்னார். லஸ் பக்கம் உங்களைப் பார்க்கறப்பெல்லாம் சொல்லிடணும்னுதான் கிட்ட வருவேன். நீங்க விறுவிறுன்னு கடைக்குள்ள போயிடுவீங்க. ஏமாத்தினவன் மூஞ்சில முழிக்கப் பிடிக்கலைன்னு... நானும் விட்டுட்டேன்."

நானும் என் கதையைச் சொன்னேன். கெட்ட புத்தியை, பாதி விலையை, மூன்று சீப்பை.

பிலோமினா அம்மாள், "நல்ல ஆம்பளைங்கப்பா! ஒருத்தருக்கொருத்தர் பயந்துக்கிட்டே அஞ்சு வருஷத்தை ஓட்டியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனார். சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கும் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடல் காற்றில் மணல் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே.

மறுநாள் காலை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு அச்சுக்கூடத்துக்கு வந்தார்.

மெஷினிடம் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. நேரே பக்கிரியிடம் போய், "கையைக் காட்டு தம்பி" என்றார். பக்கிரி மையும் எண்ணெயுமாக இருந்த இரண்டு கையையும் நீட்டினான். அவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல்வரை. பிறகு இன்னொரு கை.

"இன்னா சார், ஜோசியம் பாக்குறீங்களா?" என்று சிரித்தான் பக்கிரி.

"ஆமாம்பா. பத்தும் நல்லா இருக்கு."

பிறகுதான் மெஷின் பக்கம் திரும்பினார். ராஜத்திடம் கெஞ்சி ஒரு கிண்ணம் ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கி வந்திருந்தேன். சட்டத்தின்மேல் இருந்த பச்சைப் பெயிண்டை உளியால் சுரண்டினார். அடியில் மஞ்சளாகப் பித்தளைக் கோடு தெரிந்தது. மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணாம்புக் கட்டிப் பொடியைப் பூசினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, பொடியில் ஒரு கறுப்புக் கோடாக எழுந்தது. பித்தளை முடிகிற இடத்தில் அது நிற்கவில்லை. கீழே இறங்கியது. இன்னும் இறங்கியது. மெஷினின் பாதம்வரை போய்விட்டது.

"நீங்கள் பற்றவைத்ததே ஐந்து வருஷம் தாங்கியிருக்கிறதே" என்றேன் நான். "இன்னொரு தரம் பற்றவைத்தால் என்ன?"

உண்மையில் எனக்கு அந்த மெஷினை விடவே மனம் இல்லை. முதல் நாள்வரை அது பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது அவருடையதாகவும் என்னுடையதாகவும் ஆகிவிட்ட பிறகு, அதை எப்படி இரும்புக்குப் போடுவது?

"அஞ்சு வருஷம் தாங்கினாலும் தாங்கும். அஞ்சே நாள் தாங்கினாலும் தாங்கும். எதுன்னு யாரு சொல்றது?" என்றார் சவரிமுத்து. "பல்சக்கரம் போனா புதுசு வெட்டிக்கலாம். ரோலர் தேஞ்சா வார்த்துக்கலாம். தாங்குற சட்டம் போனா விட்டுடணும் சார். ஆசையில நான் ஒரு தரம் பத்தவச்சேன். அதனாலதான் சொல்றேன்."

பக்கிரிக்கு மனசு ஆறவில்லை. "அத்தோட சத்தம் எனக்கு அத்துப்படி சார். வேற மெஷினு வந்தா மறுபடி மொதல்லேர்ந்து கத்துக்கினு கெடக்கணும்."

"கத்துக்கக் கை வேணுமில்லையா, தம்பி?"

பக்கிரி மெஷினைத் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டான். முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

சனிக்கிழமை மத்தியானம் சவரிமுத்துவும் நானும் டிராம் பிடித்து ஜார்ஜ் டவுனுக்குப் போனோம். அவர் சட்டைப் பையில் ஒரு குப்பி மண்ணெண்ணெய், கைக்குட்டையில் முடிந்த சுண்ணாம்புக் கட்டி. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள்.

அந்த வியாபாரி எனக்கு உத்தரவாதம் தந்த மெஷின் கருநீலப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. சவரிமுத்து அதை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். "பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்றார்.

"உங்களை இல்லீங்க. பெயிண்டை. நானே அடிச்சவன்" என்றார் சவரிமுத்து.

வியாபாரிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அந்த நீல மெஷினில் குற்றம் இருந்ததா, இல்லையா? எனக்குத் தெரியாது. சுரண்ட விடவில்லை, நாங்கள் வாங்கவில்லை. கொட்டகையின் பின்மூலையில் கோணிக்கு அடியில் இன்னொன்று இருந்தது. துருப்பிடித்து, ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லாமல், பார்க்கப் பரிதாபமாக. அதைக் காட்டவே வியாபாரிக்கு வெட்கம். சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்கடியில் படுத்துவிட்டார். இரண்டு மணி நேரம். எண்ணெய், துணி, சுண்ணாம்பு... எண்ணெய், துணி, சுண்ணாம்பு. நான் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு தரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஒரு கோடு எழவில்லை.

வெளியே வந்தார். தலையெல்லாம் தூசி. "அழுக்குதான். மத்தபடி சுத்தம்" என்றார்.

வியாபாரி விலை சொன்னார். நான் வாயைத் திறந்தேன். சவரிமுத்து என் காதோடு, "பாதிக்குக் கேட்டுடாதீங்க" என்றார்.

நான் கேட்கவில்லை. சத்தியமாக.

புது மெஷின் — அதாவது எங்களுக்குப் புதிது — மாட்டு வண்டியில் மயிலாப்பூருக்கு வந்து சேர ஒரு முழுப் பகல் ஆயிற்று. அதற்கு முன்னால் பழையதைக் கழற்றவேண்டும். மோட்டாரும் மை ரோலர்களும் காகிதப் பலகையும் நன்றாகவே இருந்தன. கொஞ்சம் திருத்தி அவற்றைப் புதியதில் மாட்டிக்கொள்ளலாம் என்று சவரிமுத்து சொன்னார். ஆக, ரிப்பேரா மாற்றலா என்று கேட்டால், கொஞ்சம் அது, கொஞ்சம் இது.

முதல் போல்ட்டைத் தானே கழற்றுகிறேன் என்றார். ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஒரு அஞ்சு நிமிஷம்..." என்று இழுத்தார். நான் கம்பாஸிடர்களையும் பக்கிரியையும் அழைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். உள்ளே அவர் என்ன செய்தார் என்று தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை. திரும்பி வந்தபோது எட்டு போல்ட்டைக் கழற்றி, துடைத்து, வரிசையாகப் பலகைமேல் வைத்திருந்தார்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் கணக்குப் புத்தகத்தின் மீதிப் பாதி ஓட ஆரம்பித்தது. புது மெஷினின் சத்தம் கொஞ்சம் கட்டைக் குரல். பக்கிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே காகிதம் கொடுத்தான். சவரிமுத்து ஆபீஸிலிருந்து நேரே வந்திருந்தார். ராஜம் எல்லாருக்கும் கேசரி அனுப்பியிருந்தாள்.

முதல் காகிதத்தைப் பக்கிரி அவரிடம்தான் கொடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்து எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். நெற்றியைச் சுருக்கினார்.

"சார்... ஏழெட்டு எவ்வளவு?"

"ஐம்பத்தாறு."

"இங்க அம்பத்தி நாலுன்னு இருக்கே?"

புரூஃப் பார்த்தது அடியேன். மெஷினை நிறுத்தினோம். பக்கிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்த ஜில்லாவின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் சவரிமுத்துவுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

இப்போது எங்கள் புரூஃப் எல்லாம் சாந்தோமுக்குப் போய்த் திரும்புகிறது. அதோடு சில நாள் பிலோமினா அம்மாள் கைப்பட ஒரு பொட்டலம் முறுக்கும் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்துவிடம் கேட்டேன், இன்னும் அந்த மெழுகுவத்தி உண்டா என்று. "உண்டு சார். இப்போ பேர் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

பழைய சாமான் வாங்கலாமா என்று என்னைக் கேட்டு எழுதுகிற வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. தாராளமாக வாங்குங்கள் — ஆனால் விற்றவரோடு பேச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள்!